யாருடைய பிழை, இனி என்ன செய்வது: வேலையிலும் வீட்டிலும் பழி போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கூட்டுறவுச் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாக உறுப்பினர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தி வருகிறேன். கணக்கு வைப்பதும் கூட்ட அறிக்கை எழுதுவதும்தான் பாடம். ஆனால் தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வருபவர்கள் கேட்பவை வேறு: ஒரு காரியம் பிழைத்துப் போனால் யாரைப் பிடிப்பது, எப்படிப் பேசுவது, பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பவை. ஒரே சந்தேகங்கள் ஊர் ஊராக வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பழி போடாதேங்கோ எண்டு சொல்லுறியள். அப்ப ஒருத்தரையும் ஒண்டும் கேக்கக் கூடாதோ?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பழி போடுவது ஒரு பெயர் கிடைத்தவுடன் முடிந்துபோகும் விசாரணை. பெயர் கிடைத்ததும் கூட்டம் கலைந்துவிடும், பழுது அப்படியே கிடக்கும். பொறுப்புக் கேட்பது அந்தப் பெயருக்குப் பிறகும் தொடரும்: நட்டத்தை எப்படி ஈடு செய்வது, இது மறுபடியும் நடக்காமல் எந்த ஒழுங்கை மாற்றுவது, அதை யார் எந்தத் திகதிக்குள் செய்து முடிப்பது என்று அது போகும்.

உங்கள் சங்கம் இவற்றில் எதைச் செய்கிறது என்று அறியக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிழைத்த ஒரு காரியத்தைப் பற்றிய பதிவில் "கவனயீனம்", "பொறுப்பற்ற தன்மை", "கடுமையாக எச்சரிக்கப்பட்டார்" போன்றவை மட்டும் இருந்து, செய்ய வேண்டிய ஒரு வேலையும் அதற்கொரு திகதியும் இல்லையென்றால், அன்று நடந்தது பழி போடுதல்தான்.

பிழை விட்டது ஆர் எண்டு தெரியாமல் பிரச்சினையை எப்படித் தீர்க்கிறது?

பல வேளைகளில் தீர்க்கலாம். ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீடு வீடாகச் சேர்த்த காலைப் பாலைக் குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, ஒரு கானில் இருந்த பால் அற்ககோல் சோதனையில் திரிந்து, கான் முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது. சில நாட்களில் மறுபடியும் அப்படியே நடந்தது. நிர்வாகசபை அவசரமாகக் கூடி, பால் சேர்க்கும் பெடியன் வழியில் நின்று கதைத்து நேரத்தை வீணாக்குகிறான் என்று முடிவுகட்டி அவனை நிறுத்தியது. அடுத்ததாக வந்தவர் எங்கும் நிற்காமல் ஓடினார். பால் அவரிடமும் திரிந்தது.

அதற்குப் பிறகுதான் உறுப்பினரான ஓர் அம்மா கானின் மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தில் இருந்த இறப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். வளையத்தின் அடியில் பழைய பால் மஞ்சளாகப் படிந்து பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கானைத் தினமும் கழுவியிருக்கிறார்கள், ஆனால் அந்த வளையம் கழலும் என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னொன்றும் வெளியில் வந்தது. தூரத்துக் குடியேற்றம் ஒன்றிலிருந்து புதிய உறுப்பினர்களைச் சேர்த்தபோது ஓட்டம் நீண்டுவிட்டது. கறந்த பாலை விரைவாக 4 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்காவிட்டால் அதில் பற்றீரியா பெருகும். முதல் வீட்டுப் பாலோ மோட்டார் சைக்கிளில் வெயிலோடு வெயிலாக முழு ஓட்டத்தையும் சுற்றி வந்துகொண்டிருந்தது. அந்த உறுப்பினர்களைச் சேர்த்ததும் ஓட்டத்தை நீட்டியதும் பெடியனை நிறுத்திய அதே நிர்வாகசபைதான்.

வளையம் கழுவுவது தினசரி வேலைப் பட்டியலில் ஏறியது, ஓட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது, பால் திரிவது நின்றது. நிறுத்தப்பட்ட பெடியனைத் திரும்ப எடுத்தார்களா என்று இந்தக் கதையைச் சொல்லும் இடமெல்லாம் கேட்கிறார்கள். வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவன் அதற்குள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு வீட்டிலும் எந்த மாடு எவ்வளவு கறக்கும் என்று அறிந்திருந்த ஓர் ஆளை அந்தச் சங்கம் இழந்தது.

ஆரையாவது ஏசினால்தான் மனம் ஆறுது. அது மனுசக் குணம்தானே?

மனிதக் குணம்தான். ஒரு நட்டம் வந்தால் அதற்கு ஒரு முகம் கொடுத்துவிட்டால் மனம் அடங்குகிறது. ஆனால் அந்த முகத்தைத் தெரிவு செய்வதில் நம் எல்லோருக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. மற்றவர் செய்த பிழைக்கு அவருடைய குணத்தையும் நாம் செய்த பிழைக்குச் சூழ்நிலையையும் காரணமாகக் காட்டுகிறோம். நாங்கள் பிந்தினால் பஸ் வரவில்லை. அவர் பிந்தினால் அவர் சோம்பேறி. மற்றவரின் செயலில் சூழ்நிலையின் பங்கைக் குறைத்தும் குணத்தின் பங்கைக் கூட்டியும் மதிப்பிடும் இந்தப் போக்கைச் சமூக உளவியலாளர் லீ றொஸ் 1977 இல் விரிவாக எழுதி, அதற்கு ஒரு பெயரும் இட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் அதற்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பிழை நடந்த உடனை முதலிலை என்ன செய்ய வேணும்?

நட்டம் பெருகுவதை நிறுத்துங்கள். பம்பி எரிந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். காசு குறைந்தால் முதலில் அன்றைய காசுப் புத்தகத்தை மூடிக் கையொப்பம் வைக்க வேண்டும். அடுத்ததாக, நடந்ததை அன்றைக்கே நேர ஒழுங்கில் எழுதுங்கள். அதில் பண்புச் சொற்கள் இருக்கக் கூடாது. "அலட்சியமாகப் பூட்டாமல் போனார்" என்பதில் "அலட்சியமாக" என்ற சொல் உங்கள் ஊகம். "மாலை 5 மணிக்குப் போனார், காலையில் பூட்டு திறந்திருந்தது" என்பது மட்டும்தான் நீங்கள் அறிந்தது. மூன்றாவதாகத்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

விமான விபத்துகளை விசாரிப்பவர்கள் இந்த ஒழுங்கை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துப் பற்றிய 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைக்கு 13 ஆம் இணைப்பு ஒன்று உண்டு. 1951 இல் முதலில் ஏற்கப்பட்ட அந்த இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே என்றும், யார் மீதும் பழியோ சட்டப் பொறுப்போ சுமத்துவது அதன் நோக்கமல்ல என்றும் கூறுகிறது. இரக்கத்தால் எழுதப்பட்ட விதி அல்ல அது. விமானியும் பொறியியலாளரும் பயந்து உண்மையை மறைத்தால் அடுத்த விமானமும் அதே காரணத்தால் விழும் என்பதால் எழுதப்பட்டது. குற்றம் இருந்தால் அதை நீதிமன்றம் தனியாகப் பார்க்கும். இரண்டு வேலைகளையும் ஒரே கூட்டத்தில், ஒரே மேசையில் செய்ய முயல்வதுதான் நம் சங்கங்கள் சிக்கிக்கொள்ளும் இடம்.

ஒரு பயிற்சியிலை ஐஞ்சு தரம் "ஏன்" எண்டு கேக்கச் சொன்னவை. நாங்கள் கேட்டம், சண்டைதான் வந்தது.

அந்த முறை ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்தது. அங்கு உற்பத்தி முறையை வகுத்த தயிச்சி ஓனோவின் பெயரோடு அது அறியப்படுகிறது. இயந்திரத்தைப் பார்த்துக் கேட்கும்போது அது நன்றாக வேலை செய்யும். நம் ஆட்கள் அதை ஓர் ஆளின் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். "ஏன் பூட்டேல்லை? ஏன் மறந்தனி? ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டால் மூன்றாவது கேள்வியில் எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார். அதன் பிறகு கிடைப்பவை சாட்டுகள்தான்.

"என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது" என்று கேளுங்கள். ஐந்து என்ற எண்ணையும் பெரிதாக எடுக்க வேண்டாம். பால் கானின் கதையில் காரணங்கள் இரண்டு, அவை ஒன்றின் பின் ஒன்றாக வரவில்லை, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே சங்கிலியில் இறங்கிப் போயிருந்தால் ஒன்றைத்தான் கண்டிருப்பார்கள்.

எங்கடை வாய்க்காலிலை கடைசி வயலுக்குத் தண்ணி வாறேல்லை. மேல்வயல்காரர்தான் மறிக்கிறார் எண்டு ஊருக்கே தெரியும். இதிலையும் ஆராய வேணுமோ?

வேண்டும். ஊருக்கே தெரிந்த விடயத்தை ஒருவரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். சிறுபோகத்தில் இந்த முறைப்பாடு வராத குளம் வன்னியில் இல்லை. நான் சொல்லும் வழி எளிது: கடைசி வயல்காரரும் மேல்வயல்காரரும் அமைப்பின் தலைவரும் சேர்ந்து, தண்ணீர் விடப்பட்ட நாளிலேயே, வாய்க்காலின் கடைசியிலிருந்து குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசு வரை நடக்க வேண்டும். கீழிருந்து மேலே நடப்பது முக்கியம். மேலிருந்து தொடங்கினால் முதல் வயலிலேயே சண்டை தொடங்கி நடை முடிந்துவிடும்.

நடந்தவர்கள் கண்டவை பலவகை. வாய்க்கால் கட்டில் நண்டு வளையால் தண்ணீர் பின்புற வடிகானுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். புல் மண்டி வாய்க்கால் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஓரிடத்தில் மேல்வயல்காரர் உண்மையாகவே பலகை போட்டு மறித்திருந்தார். ஏனென்றால் அவருடைய வயல் வாய்க்காலை விட மேட்டில் இருந்தது. மறித்து உயர்த்தாமல் ஒரு சொட்டும் ஏறாது. அவர் திருடனாகவே பல ஆண்டுகள் பேசப்பட்டு வந்தார். அவருக்கென்று வாரத்தில் ஒரு குறித்த இரவை ஒதுக்கி, அந்த இரவில் மட்டும் பலகை போடலாம், விடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதியதோடு அந்த வாய்க்காலில் வழக்கு ஓய்ந்தது. அந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் கடைசி வயல்காரர்.

இன்னொரு வகையும் உண்டு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீரின் அளவைப் பார்த்துத் தீர்மானித்த ஏக்கரை விட அதிகமாக விதைத்துவிட்டு, பிறகு பயிர் வாடுகிறது என்று தண்ணீரை இழுப்பவர்கள். அது சூழ்நிலையால் வந்த பிழை அல்ல, தெரிந்தே மீறியது. அதற்கான பதில் கீழே, காசு குறைந்த பொருளாளரைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

2018 வெள்ளத்துக்கு ஆர் பொறுப்பு எண்டு நாங்கள் கேட்டது பிழையோ?

பிழையே இல்லை. 2018 டிசம்பரில் பெய்த கடும் மழையோடு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கங்களில் வீடுகளும் வயல்களும் மூழ்கின. கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்து விசாரணையும் நடந்தது. நெல்லையும் மாட்டையும் இழந்தவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு.

ஆனால் அந்த நாட்களில் தேநீர்க் கடையிலும் முகநூலிலும் நடந்த பேச்சு பெரும்பாலும் எந்த அதிகாரி என்பதோடு நின்றது. கேட்டிருக்க வேண்டியவை இவை: இரவில் நீர்மட்டம் ஏறினால் கதவைத் திறக்கும் முடிவை எடுக்க அந்த இடத்தில் நிற்பவருக்கு அதிகாரம் இருக்கிறதா, அல்லது அவர் யாரையாவது தொலைபேசியில் பிடிக்க வேண்டுமா? கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையின் அளவு குளத்தடிக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது? கதவு திறக்கப்படுகிறது என்ற செய்தி கீழே இருக்கும் ஊர்களுக்கு எந்த வழியில் போகிறது, தொலைபேசிக் கோபுரம் விழுந்தால் வேறு வழி என்ன? ஓர் அதிகாரி இடமாற்றலாகிப் போனாலும் இந்தக் கேள்விகள் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு மாரிக்கும் முன்பு கமக்காரர் அமைப்புகள் இவற்றை எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

எங்கடை முகாமையாளர் ஒரு சின்னப் பிழைக்கும் எல்லாருக்கும் முன்னாலை ஏசுவார். அதாலை இப்ப பிழையே குறைஞ்சிட்டுது எண்டு சொல்லுறார். உண்மையோ?

பிழையைப் பற்றிய செய்தி குறைந்திருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மொண்ட்சன் மருத்துவமனை விடுதிகளில் மருந்து கொடுப்பதில் ஏற்படும் பிழைகளை ஆராய்ந்து 1996 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாக இயங்கும் அணிகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு; பதிவுகளோ அந்த அணிகளில் பிழைகள் அதிகம் என்று காட்டின. அங்குள்ள தாதியர் பிழைகளைத் துணிந்து சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

உங்கள் முகாமையாளரிடம் இந்த ஆய்வைச் சொல்லிப் பயனில்லை. தன்னைத்தான் குத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். பிழையைக் கொண்டுபோகும்போது, செய்து முடித்த முதல் உதவியையும் ஒரு யோசனையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்: "ஐயா, 12 மூடை நெல் ஈரப்பதம் கூடியதாக இருக்கிறது. பிரித்து வைத்துவிட்டோம். நாளைக்குக் காயவிடத் தளம் வேண்டும்." ஏசுவதற்கு முன் அவருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். எல்லா முகாமையாளர்களிடமும் இது பலிக்காது, ஆனால் பலரிடம் பலிக்கக் கண்டிருக்கிறேன்.

நான் செய்யாத பிழையை என்ரை தலையிலை கட்டினால்?

அந்த இடத்திலேயே வாதாட வேண்டாம், ஆனால் அன்றைக்கே எழுதுங்கள். மேலே சொன்ன நேர ஒழுங்குக் குறிப்புக்கு இங்கேதான் பெறுமதி அதிகம். நீங்கள் பொறுப்பில் இருந்த நேரம், ஒப்படைத்த நேரம், ஒப்படைத்த ஆள் ஆகியவற்றை எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். உங்களை விடுவிப்பதற்காக இன்னொருவரின் பெயரைச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும்.

இவர் லீசிங் தவணையை மறந்து தண்டப்பணம் கட்ட வேண்டி வந்தது. கேட்டால் "நீர் ஞாபகப்படுத்தேல்லை" எண்டுறார். வீட்டிலை எப்படி இதைக் கதைக்கிறது?

இப்படிக் கேட்ட அக்காவுக்கு நான் முதலில் சொன்னது, தண்டப்பணம் போனது போகட்டும், அடுத்த தவணை எப்போது என்று பார்ப்போம் என்பதுதான். தவணை மாதத்தின் 10 ஆம் திகதி. கணவருக்குச் சம்பளம் 25 ஆம் திகதி. கையில் காசு இருக்கும்போது தவணை நினைவுக்கு வருவதில்லை, தவணை வரும்போது கையில் காசு இருப்பதில்லை. அவருடைய மறதிக்கும் இவருடைய கோபத்துக்கும் நடுவே இருந்தது அந்த 15 நாள் இடைவெளி. சம்பள நாளன்றே தவணைக் காசைப் பிரித்துக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். திகதியை மாற்ற முடியுமா என்று லீசிங் கொம்பனியையும் கேட்கலாம்.

கணவன் மனைவிப் பேச்சில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம்பதிகளின் உரையாடல்களை நீண்ட காலம் ஆராய்ந்த ஜோன் கொட்மன், உறவைக் கெடுப்பவையாக நான்கைச் சொல்கிறார்: ஆளைக் குறை கூறுவது, இழிவுபடுத்துவது, தன்னைத் தற்காத்துக்கொள்வது, பேச்சையே மூடிவிடுவது. "தவணை கட்டப்படவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது முறைப்பாடு. "நீங்கள் எப்பவும் இப்படித்தான், உங்கடை அப்பாவும் இப்படித்தான்" என்பது ஆளைக் குறை கூறுவது. அப்பாவை இழுத்தவுடன் தவணை பேச்சிலிருந்து மறைந்துவிடும். "எப்பவும்" என்ற சொல்லையும், மாமன் மாமியின் பெயர்களையும் அந்தப் பேச்சில் சேர்க்காமல் விட்டாலே பாதித் தூரம் வந்துவிடலாம்.

அப்பா செத்த பிறகு அண்ணை காணியைத் தன்ரை பேருக்கு மாத்திப்போட்டார். அவர் ஏமாத்தேல்லை எண்டு சொல்லுறியளோ?

ஏமாற்றினாரா இல்லையா என்று எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் சண்டைக்கு முன் பத்திரத்தைப் பாருங்கள். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக்காரர் தனக்குப் பின் யார் என்று நியமிக்காமல் இறந்தால், பின்னுரிமை சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்திருந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் வந்தது. அண்ணனின் சூழ்ச்சி என்று தங்கைமார் நம்பியதில் ஒரு பகுதி, சட்டமே செய்ததாக இருக்கலாம்.

இதை அறிந்ததும் அண்ணன் நல்லவராகிவிட மாட்டார். ஆனால் கேள்வி மாறும். "ஏன் எங்களை ஏமாற்றினாய்" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லப்போவதில்லை. "பத்திரம் உன் பெயரில் இருக்கிறது, அம்மாவை யார் பார்ப்பது, விளைச்சலில் எங்களுக்கு என்ன பங்கு, எங்களில் ஒருத்திக்கு வீடு கட்ட இடம் தருவாயா" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கோப்பைப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

எங்கடை சங்கத்துப் பொருளாளரின்ரை கையிலை காசு குறையுது. இதுக்கும் "ஆளைப் பாக்காதேங்கோ" எண்டு சொல்லுவியளோ?

சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் ஒன்றைச் சோதியுங்கள். விபத்துத் தடுப்புத் துறையில் இருப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வி இங்கும் உதவும்: அதே பயிற்சியும் அதே அனுபவமும் உள்ள இன்னொருவரை அந்த நாற்காலியில் இருத்தினால், அவரும் இதே பிழையைச் செய்திருப்பாரா? ரசீதுப் புத்தகம் இரண்டு பேரிடம், சேமிப்புக் காசு அவருடைய வீட்டு அலுமாரியில், வங்கிக்குப் போகப் பஸ் கிழமையில் சில நாள்தான் என்றால், யாரை இருத்தினாலும் குறையும். அங்கே ஆளை மாற்றுவது வீண் வேலை; ஒழுங்கை மாற்ற வேண்டும்.

ஒழுங்கு சரியாக இருந்து, அவருக்கு அது தெரிந்திருந்து, அவர் தனக்காக எடுத்திருந்தால் அது பிழை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கணக்காய்வு, மீளச் செலுத்துவது பற்றிய எழுத்து, பதவி நீக்கம், தேவையானால் பொலிஸ் என்று போக வேண்டியதுதான். தீர்மானித்த ஏக்கரை மீறி விதைப்பவருக்கும் இதே அளவுகோல். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகையினர் இருக்கிறார்கள்: விதியை மீறுகிறார்கள், ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதால். அவர்களோடு இருந்து பேச வேண்டும். அந்த விதி நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதையும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் செய்ய வேண்டாம்.

மத்தியஸ்த சபைக்குப் போனால் ஆரிலை பிழை எண்டு சொல்லுவினமோ?

சொல்ல மாட்டார்கள். அந்த ஏமாற்றத்தோடு வெளியே வருபவர்கள் பலர். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகளுக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இல்லை. மத்தியஸ்தர்கள் மூவர் இருந்து இரு தரப்பையும் பேசவைப்பார்கள். இணங்கினால் இணக்கச் சான்றிதழ். இணங்காவிட்டால் இணங்காமைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே யார் குற்றவாளி என்று நிரூபிக்கும் ஆயத்தத்தோடு போகாதீர்கள். உங்களுக்கு என்ன கிடைத்தால் இந்த விடயத்தை முடித்துக்கொள்வீர்கள் என்பதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

மனுசன் குடிச்சிட்டு அடிக்கிறார். "ரெண்டு பேரும் கதைச்சுத் தீருங்கோ" எண்டு சொந்தக்காரர் சொல்லினம்.

இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அடிப்பது இரண்டு பேரின் பிரச்சினை அல்ல. குடியோ கடனோ காரணமாக இருக்கலாம், ஆனால் அவற்றைத் தேடுவது பாதிக்கப்பட்ட பெண்ணின் வேலை ஆகாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவை இருக்கிறது. பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போகலாம்.

போரிலை எங்களுக்கு நடந்ததுக்கும் "பழியை விட்டிட்டு முன்னாலை போங்கோ" எண்டுதான் சொல்லுவியளோ?

இல்லை. இதைக் கேட்டவர் கேப்பாபிலவுப் பக்கத்து அம்மா ஒருவர். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டார். இங்கே எழுதியவை எல்லாம் மூன்று விடயங்களை எடுகோளாகக் கொண்டவை: நடந்தது வேண்டுமென்று செய்யப்பட்டதல்ல, இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒரே பலம் இருக்கிறது, நாளைக்கும் இருவரும் சேர்ந்து வேலை செய்ய அல்லது வாழ வேண்டியிருக்கிறது. இவை பொருந்தாத இடத்தில் இந்தப் புத்திமதியும் பொருந்தாது.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது கேட்டது, பிள்ளை எங்கே, யாரிடம் ஒப்படைக்கப்பட்டான், என்ன நடந்தது என்பவற்றை. முதற் கேள்விக்கான பதிலில் நான் பொறுப்புக் கேட்பது என்று எழுதியது அதைத்தான். அங்கே பிரச்சினையைத் தீர்ப்பதும் பொறுப்பானவர் யார் என்று அறிவதும் ஒரே வேலை. பதிலை வைத்திருப்பவர்கள் "பழையதைக் கிளறாதீர்கள்" என்று சொல்வது, இங்கு நான் எழுதியதிலிருந்து கடன் வாங்கிய பேச்சுப் போலத் தோன்றலாம். தயவுசெய்து ஏமாற வேண்டாம்.

நான் பழி போடுறதை விட்டிட்டன். மற்ற ஆள் விடுறார் இல்லை. அவற்றை மாடு இப்பவும் என்ரை வயலுக்கைதான்.

ஒருவர் மாறினால் மற்றவரும் மாறுவார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. சொல்பவர்களை நம்புவதும் இல்லை. அவர் மாறுவதில் தங்கியிருக்காத ஓர் ஏற்பாட்டைத் தேடுங்கள். காலபோகம் தொடங்குவதற்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், கால்நடைகளை வயற் பகுதியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் திகதி தீர்மானிக்கப்படும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள், திகதி அறிக்கையில் ஏறுகிறதா என்று பாருங்கள், மேய்ச்சலுக்கு எந்த இடம் என்பதையும் கேளுங்கள். மாட்டுக்காரருக்கு மேய்ச்சல் தரை இல்லை என்றால் எந்தத் திகதியைப் போட்டாலும் மாடு வரும். ஆகவே அந்தக் கேள்வியை அவருக்காக நீங்கள் எழுப்புவது உங்கள் வயலுக்குத்தான் நல்லது.

அதற்குப் பிறகும் மாடு வந்தால், அழிந்த இடத்தை அன்றைக்கே படம் எடுத்து, கமக்காரர் அமைப்பின் செயலாளரைக் கூட்டிவந்து காட்டி, கூட்ட அறிக்கையின் பிரதியோடு கமநல சேவை நிலையத்தில் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்.